நாற்பத்தெட்டு மீட்டருக்குள்

நாற்பத்தெட்டு மீட்டர். இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லியே பதினேழு வருஷமாக ஒருத்திக்குத் தொண்டை வற்றிப்போனது.

வானொலி நிலையத்தில் அவள் வேலை, டவரைச் சுற்றி மின்புலம் எவ்வளவு என்று அளந்து தாளில் எழுதுவது. அங்கே அலையின் நீளம் முந்நூறு மீட்டர்; அதை 6.28-ஆல், அதாவது இரண்டு பையால், வகுத்தால் வருவதுதான் அந்த நாற்பத்தெட்டு. டவரைவிட்டு நாற்பத்தெட்டு மீட்டரைத் தாண்டி வெகு தூரம் போனால் மின்புலத்தை அளந்து 377-ஆல் வகுத்தாலே காந்தப்புலம் கிடைத்துவிடும். உள்ளே வந்தால் அந்த வகுத்தல் குப்பை. அங்கே இரண்டும் தனிக்குடித்தனம். டவரின் அடியில் மின்புலம் பூனை மாதிரி படுத்திருக்கும், காந்தப்புலம் சீறும். இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

நிலையத்துத் தாளில் இருந்ததோ ஒரே கட்டம்: மின்புலம்.

டவரைச் சுற்றி நாலு மீட்டரில் கம்பிவேலி, முழுக்கத் துரு. பெயின்ட் அடிக்க வந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. டிரான்ஸ்மிட்டர் ஓடும்போதே அடிக்கச் சொன்னார் மேனேஜர். பாதுகாப்புக் கையெழுத்து அவள் போட வேண்டும். மின்புலம் பாதுகாப்பு வரம்பில் பத்தில் ஒரு பங்குதான். அவள் விடவில்லை. பாலிடெக்னிக்கில் கெஞ்சிக் காந்தப்புல மீட்டரை இரவல் வாங்கி வந்தாள். உடம்புக்கு ஆபத்தில்லாத காந்தப்புல வரம்பு, ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.6 ஆம்பியர். வேலியருகே 2.1.

“அந்த மீட்டர் நம்ம ரெஜிஸ்டர்லயே இல்லம்மா. தாள்ல கட்டமும் இல்ல” என்றார் மேனேஜர்.

“கட்டம் இல்லன்னா காந்தமும் இல்லாம போயிடுமா சார்? அரை நாள் நிறுத்துங்க, அடிச்சு முடிச்சிடுவான்.”

“ஒரு நிமிஷம் நின்னாலும் மேல பதில் சொல்றது நான். பேசாம 377-ஆல வகுங்க.”

“அக்கா, கூடப்பொறந்த பாவத்துக்கு என் பொழப்புல கை வைக்காத” என்றான் தம்பி. “ஒரு கையெழுத்துதானே?”

“வாய மூடுடா! உனக்காகத்தான் கத்திக்கிட்டு கெடக்கேன்.”

மேனேஜர் தாளைப் பிடுங்கித் தானே கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் நீட்டினார். அவன் அதை மேலும் கீழும் பார்த்தான். அக்கா கையெழுத்து இல்லை. பெயின்ட் டப்பாவைத் தட்டி மூடினான்.

“கையெழுத்து உங்களுது சார். பிரஷையும் நீங்களே புடிங்க.”

மேனேஜர் பிரஷைப் பிடிக்கவில்லை, டிரான்ஸ்மிட்டரை நிறுத்தவும் இல்லை. அடுத்த மாதமும் அதே ஒற்றைக் கட்டத் தாள்தான் வந்தது. வேலி துருவோடு நிற்கிறது. அதில் அவள் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். அட்டையில் ஒரே எண்.

2.1.