விழுந்தவன் உயிரோடு இருக்கிறானா?

பூனையின் வேலை கீழே விழுவது. சினிமா சண்டைக் கலைஞர்கள் சங்கத்தில் அட்டை வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. மொட்டை மாடியிலிருந்து, குதிரையிலிருந்து, ஓடும் லாரியிலிருந்து, ஒருமுறை கண்ணாடிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குள் என்று அவர் விழாத இடம் பாக்கியில்லை. எப்படித் தூக்கிப் போட்டாலும் நாலு காலில் இறங்கியவர் மாதிரி எழுந்து வருவதால் சண்டை மாஸ்டர் வைத்த பெயர்தான் பூனை. மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். ஒருவர் நாள் முழுக்க விழுவார், இன்னொருவர் நாள் முழுக்க விழுந்தவர்களைப் பார்ப்பார். வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ‘நிழலன்’ படத்தின் முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. நிழலன் முகமூடி போட்டுக்கொண்டு ரவுடிகளை அடிப்பவன். எத்தனை பேரை அடித்தாலும் ஒருவரையும் கொல்ல மாட்டேன் என்று சபதம் எடுத்தவன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அவன் என்றால் உயிர்.

திரையில் நிழலன் ஒருவனை மாடிப்படிக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறிந்தான். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“இவன் போயிட்டான்” என்றார்.

“யாரும் போகலம்மா. நிழலன் கொல்ல மாட்டான். சபதம்” என்றாள் மகள்.

“சபதம் அவன் வாயில இருக்கு. அடி இவன் பின்மண்டைல இருக்கு. எங்க வார்டுக்கே வர மாட்டான், நேரா வேற இடத்துக்குப் போயிடுவான். இதோ, இவன் பிழைப்பான், ஆனா ஆறு மாசம் படுக்கை. ஐயோ, அடுத்தது யாரு, உங்க அப்பாவா?”

“நான் பிழைச்சேன்” என்றார் பூனை அவசரமாக.

“கழுத்து அந்தப் பக்கமா திரும்பிக் கிடக்குது, பிழைச்சாராம்!”

“அது பார்க்க நல்லா இருக்கட்டும்னு நானாத் திருப்பினதும்மா.”

“அப்ப உங்களை நீங்களே கொன்னுக்கிட்டீங்க.”

மகள் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து நழுவினாள். படம் முடியும்போது நர்ஸின் தீர்ப்புப்படி பதினோரு பேர் காலி, நாலு பேர் சந்தேகம். கடைசிக் காட்சியில் நிழலன் நகரத்தைப் பார்த்து, “என் கையால் ஒரு உயிரும் போனதில்லை” என்று கம்பீரமாகச் சொன்னதும், மடித்து வைத்த துணியெல்லாம் சரிய நர்ஸும் சிரித்தார். பூனையும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு மனதில் முள் மாதிரி தங்கிவிட்டது. இத்தனை வருடம் விழுந்தோமே, விழுந்தவன் அதற்கப்புறம் என்ன ஆனான் என்று ஒருநாளாவது யாரிடமாவது கேட்டோமா?

அடுத்த மாதமே கேட்கும் வாய்ப்பு வந்தது.

இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு, பாதி கட்டி நின்றுபோன ஒரு ஏழுமாடிக் கட்டடத்தில். காட்சி இதுதான்: நான்காவது மாடியின் விளிம்பில் நிழலன் ரவுடியின் சட்டையைப் பிடித்துத் தூக்குகிறான். “உன்னைக் கொல்ல மாட்டேன்” என்கிறான். வெளியே வீசுகிறான். ரவுடி கீழே நிற்கும் வேனின் கூரையில் விழுகிறான். கூரை நசுங்குகிறது. அவ்வளவுதான். மேலிருந்து காற்று மெத்தை வரைக்கும் ஒரு ஷாட், பத்தடி உயரத்திலிருந்து வேன் மேல் இன்னொரு ஷாட் என்று மாஸ்டர் பிரித்து வைத்திருந்தார்.

பூனை இயக்குநரிடம் போய் நின்றார்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். விழுந்தப்புறம் நான் உயிரோட இருக்கேனா?”

இயக்குநர் முப்பது வயதுக்காரர், ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவர். “இருக்கீங்கண்ணே. அவன்தான் கொல்ல மாட்டானே” என்றார்.

“எப்படி சார் இருக்கேன்?”

“எப்படின்னா?”

“செத்தவன்னா நான் கையைக் காலைப் போட்டது போட்டபடி கிடக்கணும். உயிரோட இருக்கறவன்னா விழும்போதே தலையைக் காப்பாத்தப் பார்ப்பேன். ரெண்டு விழுதலும் வேற வேற சார்.”

சுற்றிலும் வேலை மெதுவாக நின்றது. விளக்குக்காரர் படியிறங்கி வந்தார். மேக்கப்காரர் கையில் பிரஷ்ஷோடு வந்தார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். சினிமாவில் இதையெல்லாம் நோண்டக் கூடாது என்றார் ஒருவர். சபதத்தை வைத்துத்தானே முதல் பாகமே ஓடியது, அதை எப்படி விட முடியும் என்றார் இன்னொருவர். நிழலனாக நடிக்கும் கதாநாயகன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து, “கேமரா அந்தப் பக்கம் திரும்பிட்டா அப்புறம் யாரு போய்ப் பார்க்கப்போறாங்க?” என்று கேட்டார்.

“எங்க வீட்ல பார்ப்பாங்க சார்” என்றார் பூனை.

இயக்குநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போன் போடுங்கண்ணே உங்க வீட்டுக்கு.”

நர்ஸ் அப்போதுதான் டீ குடிக்க உட்கார்ந்திருந்தார். போன் ஸ்பீக்கரில் போடப்பட்டது. இருபது பேர் சுற்றி நிற்க, பூனை காட்சியைச் சொன்னார்.

“எத்தனாவது மாடி?”

“நாலு.”

“எது மேல? எது முதல்ல படும்?”

“வேன் மேல. முதுகு.”

“கூரை நசுங்குறதால உயிர் தப்பலாம். ஆனா இடுப்புக்குக் கீழ ஆயுசுக்கும் அசையாது. போன வாரம்கூட ஒருத்தர் அப்படித்தான் வந்தாரு, சாரத்துலேர்ந்து விழுந்தவரு. ரெண்டு பிள்ளைங்க. தினமும் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருக்காரு. கொல்லலன்னு வேணா உங்க ஆளு சொல்லிக்கலாம்.”

கதாநாயகன் முகமூடியை முழுக்கக் கழற்றினார்.

“சிஸ்டர், அப்ப அந்த ஆளு நல்லபடியா பிழைக்கணும்னா நான் என்ன பண்ணணும்?”

“நீங்க யாரு தம்பி?”

“நான்தான் தூக்கிப் போடுறவன்.”

“போட்டவரே போய்ப் பிடிங்க. வேற வழியில்ல” என்றார் நர்ஸ். “டீ ஆறுது, வைக்கிறேன்.”

போன் அணைந்ததும் இயக்குநர் கையிலிருந்த காட்சிக் காகிதத்தை நாலாகக் கிழித்தார். “மாஸ்டர்! கோபத்துல வீசிடுறான். வீசின கை கீழ இறங்கறதுக்குள்ள என்ன பண்ணிட்டோம்னு உறைக்குது. அவனும் குதிக்கிறான். அடிக்க இல்ல, பிடிக்க! முடியுமா?”

மாஸ்டரின் கண்கள் ஏற்கெனவே மாடியை அளந்துகொண்டிருந்தன. “ரெண்டு நாள் குடுங்க.”

அந்த இரண்டு நாளும் திருவிழா மாதிரி போயிற்று. இரண்டு பேருக்கும் தனித்தனி ரோப். சாரத்தில் பச்சை வலை. பூனை முதலில் வலையில் பட்டு, அதைக் கிழித்துக்கொண்டு விழுவார். வலை கொஞ்சம் வேகத்தைத் தின்னும், அந்த இடைவெளியில் நிழலன் வந்து இடுப்பு பெல்ட்டைப் பிடிப்பான். மணல் மூட்டையை வைத்து முப்பது தடவை பார்த்தார்கள். டூப் வேண்டாம், நானே குதிக்கிறேன் என்று கதாநாயகன் ஒற்றைக்காலில் நின்றார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. விளிம்பில் நின்றபோது பூனைக்கு, முதன்முதலாக விழுந்த நாள் ஞாபகம் வந்தது. பயம் இல்லை. சந்தோஷம்! கதாநாயகன்தான் வியர்த்துக் கொட்டினார்.

“என்னை நம்புறீங்களாண்ணே?”

“ரோப்பை நம்புறேன் தம்பி. நீங்க பிடிச்சீங்கன்னா அதுக்கு மேல நல்லது.”

“ஆக்‌ஷன்!”

வானம் கீழே போயிற்று, கட்டடம் மேலே போயிற்று. வலை முதுகில் பட்டுக் கிழிந்தது. மேலே ஒரு கறுப்பு உருவம் இறக்கை மாதிரி அங்கி விரிய வந்துகொண்டிருந்தது. கை நீண்டது. பெல்ட் சிக்கவில்லை! பூனை தன்னையறியாமல் கையை நீட்டினார். விரல்கள் பட்டு, வழுக்கி, மணிக்கட்டு கிடைத்தது. தோள் பட்டென்று இழுபட இரண்டு பேரும் வேனுக்கு நாலடி மேலே ஊஞ்சல் மாதிரி ஆடினார்கள்.

“கட்” என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. முகமூடிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது:

“உயிரோட இருக்கீங்களா?”

எழுதிக் கொடுத்த வசனம் இல்லை அது. நிழலன் ரவுடிக்கு மரியாதை கொடுத்ததும் இல்லை. பூனை அந்த மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“இருக்கேன்... விட்டுடாதீங்க, இருக்கேன்!”

படம் வெளியான முதல் நாள் மதியக் காட்சிக்குப் பூனை வீட்டில் மூன்று பேரும் போனார்கள். இயக்குநர் அந்த இரண்டு வரியையும் அப்படியே வைத்திருந்தார். பூனை விழுந்தபோது தியேட்டர் கத்தியது. நிழலன் பின்னாலேயே குதித்தபோது சத்தம் அடங்கி, ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்தார்கள். மணிக்கட்டைப் பிடித்தானோ இல்லையோ, விசில் பறந்தது! அடித்ததற்குக் கிடைக்காத விசில், பிடித்ததற்குக் கிடைத்தது. மகள் நாற்காலி மேல் ஏறி, “அது எங்கப்பா!” என்று கத்தினாள். நர்ஸ் அவளைக் கீழே இழுக்க மறந்து, தானும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

படம் அதோடு உயிர்ச்சேதம் இல்லாமல் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இடைவேளைக்குப் பிறகு நிழலன் துரத்திய ஒரு கார் பாலத்திலிருந்து புரண்டு வெடித்தது. அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள்.

“உள்ள மூணு பேர் இருந்தாங்களே?” என்று காதோரம் கேட்டார் நர்ஸ்.

“அது வேற சண்டை குரூப் எடுத்தது” என்றார் பூனை. சொன்னவருக்கே அது பதிலாகப் படவில்லை.

திங்கட்கிழமை மாஸ்டரிடம் அதைச் சொன்னார். மாஸ்டர் தாடையைத் தடவியபடி கேட்டுக்கொண்டார். அதன் பிறகு அவர் எடுக்கும் எந்தச் சண்டையிலும், விழுகிறவர்களின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நேராக ‘பிழைப்பு’ அல்லது ‘சாவு’ என்று எழுதி, இயக்குநரிடம் கையெழுத்து வாங்காமல் ரோப் கட்ட விடுவதில்லை. சில இயக்குநர்கள் எரிச்சல்படுகிறார்கள். சிலர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிக்கிறார்கள்.

படம் வெளியான அந்த வாரமே ஒருநாள் பூனை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். காய்கறிப் பையோடு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி அவரையே உற்றுப் பார்த்தார். இறங்கும் நேரத்தில் கிட்டே வந்தார்.

“நீங்க அந்தப் படத்துல வந்தவருதானே? பிழைச்சீங்களே?”

“ஆமாங்க” என்றார் பூனை.

“கை எப்படி இருக்கு இப்ப? வலிக்குதா?”

“பரவாயில்லைங்க. நல்லா இருக்கேன்.”

அந்தப் பெண்மணி இறங்கிப் போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அவரை விசாரித்தது அதுதான் முதல் தடவை. பூனை இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போயிற்று. அவர் கவனிக்கவே இல்லை. மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி, அன்று இழுபட்டு இன்னும் வலிக்கிற தோளைத் தேய்த்துக்கொண்டு, வெயிலில் வேகவேகமாகத் திரும்பி நடந்தார்.