மாமியாருக்கு வைத்த எண்ணெய்

அக்காவின் கல்யாண ஆல்பத்தை யார் புரட்டினாலும் நாலைந்து பக்கத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும். மணவறைக்குப் பக்கத்தில் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, போட்டோ எடுப்பவரையே அதட்டுவதுபோல நிற்கும் அந்த அம்மா யார்? அவர் முகத்தில் ஏன் இவ்வளவு பரு? நெற்றியில், தாடையில், இரண்டு கன்னத்திலும் சிவந்து வீங்கிய பருக்கள். அறுபதை நெருங்குகிற ஒரு பெண்மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். அவர்தான் அக்காவின் மாமியார். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அதே படத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் அக்காவின் முகத்தில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. இந்த இரண்டு முகங்களுக்கும் உள்ள தொடர்பை நினைக்கும்போதெல்லாம், இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா என்று எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்கள். எனக்கு அம்மாவின் தோல், என்ன பூசினாலும் தாங்கும். அக்காவுக்கு அப்பாவின் தோல். பள்ளியில் தொடங்கிய பரு, அவள் வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. ஊரே முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பிறகும் அவள் மட்டும் அதைக் கழற்றவில்லை. கோயிலுக்குப் போனாலும் சரி, துக்க வீட்டுக்குப் போனாலும் சரி, யாராவது ஒரு ஆன்டி அவளுடைய தாடையைப் பிடித்துத் திருப்பி, "என்னம்மா மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டு, கூடவே ஒரு வைத்தியமும் சொல்லிவிட்டுப் போவார். அக்கா சிரித்துத் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கதவுக்கு வெளியே நின்று எத்தனையோ நாள் எனக்கு அழுகை வந்திருக்கிறது.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போய், ஒரு வருஷத்துக்கும் மேல் பொறுமையாக மருந்து எடுத்து, முகம் தெளிந்தது. ஆனால் மருந்தின் வேகத்தில் தோல் காய்ந்து, மூக்கோரத்திலும் வாயோரத்திலும் செதில் செதிலாக உரிந்தது. லேசான எண்ணெய் ஏதாவது பூசலாம், ஆனால் தோலின் துளைகளை அடைக்காததாகப் பார்த்துக்கொள், தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார் மருத்துவர். அன்றிலிருந்து எங்கள் அறை எண்ணெய்க் கடையானது. பாதாம், ஆலிவ், ஆர்கான் என்று ஒவ்வொரு குப்பியாக வந்து சேர்ந்தது. எல்லாக் குப்பியிலும் துளைகளை அடைக்காது என்று ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்திருக்கும். அக்காவின் முகம் அதையெல்லாம் படிக்கவில்லை. ஒருத்திக்கு ஒத்துக்கொள்வது இன்னொருத்திக்கு ஒத்துக்கொள்ளாது என்று புரிந்த பிறகு அவளே ஒரு முறையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சமயத்தில் ஒரே எண்ணெய். அதுவும் இடது தாடையில், காதுக்குக் கீழே, ஒரு சின்ன இடத்தில் மட்டும். மறுநாள் ஒன்றும் ஆகவில்லையென்றால் ஜெயித்துவிட்டதாக அர்த்தமில்லை, அடைப்பு உள்ளே மெதுவாகச் சேர்ந்து வாரக்கணக்கில் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பாள். மாப்பிள்ளையை ஒரே சாயங்காலத்தில் பார்த்துச் சரி சொன்னவள் எண்ணெய்க்கு மட்டும் மாசக்கணக்கில் பெண்பார்க்கும் படலம் நடத்துகிறாளே என்று நான் கேலி செய்வேன்.

மாப்பிள்ளை வீடு காப்பாரில். அத்தை அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறவர். பின்சீட்டில் சண்டை போடும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமலேயே அடக்கிப் பழகிய குரல் அவருக்கு. அந்தக் குரலைக் கேட்டாலே எங்கள் அம்மாவுக்கு உள்ளுக்குள் உதறல். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்காவை மேலும் கீழும் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காபி டம்ளரை வைக்க அடுப்படிக்கு வந்தவர், "இப்ப எந்த எண்ணெய் போட்டுப் பாக்குற?" என்றார். அக்கா திடுக்கிட்டு, தன்னையறியாமல் இடது தாடையைத் தொட்டாள்.

"சன்ஃபிளவர், ஆன்டி. சமையலுக்கு வாங்குறது இல்ல, முகத்துக்குன்னே சின்ன பாட்டில்ல வருமே, அது."

"எத்தன நாளாச்சு?"

"மூணு வாரம்."

"இன்னும் பாரு. அவசரப்படாத லா."

அவ்வளவுதான் பேச்சு. சரியான மூக்கை நுழைக்கிற மாமியார் வாய்த்திருக்கிறார் என்று நானும் அக்காவும் அன்று முழுக்கப் பேசிச் சிரித்தோம். அந்தச் சூரியகாந்தி எண்ணெய்தான் கடைசியில் அவளுக்கு ஒத்துக்கொண்டது. இரண்டே சொட்டு, ஈர முகத்தில் ஒற்றிக்கொள்வாள். தோல் உரிவது நின்றது. ஒரு நாள் முகக்கவசம் இல்லாமல் லிஃப்டில் இறங்கிப் போய்க் கடையில் ரொட்டி வாங்கி வந்தாள். அம்மா பூஜை அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவே இல்லை.

இத்தனைக்கும் பிறகு நலங்கு வந்தது. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பெண்ணுக்கு எண்ணெயும் மஞ்சளும் சந்தனமும் பூசி வாழ்த்துகிற சடங்கு. எங்கள் குடும்பத்தில் நலங்கு எண்ணெய் என்றால் சுங்கை பூலோவிலிருந்து பெரியம்மா கொண்டுவருவதுதான். தேங்காய் துருவி, பால் பிழிந்து, அவரே காய்ச்சிய எண்ணெய். தாயில்லாமல் வளர்ந்த எங்கள் அம்மாவை எடுத்து வளர்த்த அக்கா அவர். அவர் ஆசையாகக் காய்ச்சிக் கொண்டுவருவதை வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு நாக்கு எழவில்லை. "ஒரு நாள்தானே கண்ணு," என்றார் அக்காவிடம். முகம் மறுபடியும் போய்விட்டால் அந்த மணவறையில் உட்கார மாட்டேன் என்று அக்கா சொன்னாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் அடுக்குமாடியின் கீழே இருந்த பொது மண்டபத்தில் நலங்கு. காப்பாரிலிருந்து அத்தை தன்னுடைய வேனிலேயே சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பெரியம்மா வெள்ளிக் கிண்ணத்தில் எண்ணெயோடு முதல் ஆளாக நின்றார். "கண்ண மூடிக்கடா செல்லம், பெரியம்மா நல்லா தேச்சு விடுறேன்," என்று இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெயை வழிய வழிய எடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய விரல்கள் புடவை மடிப்பைக் கசக்குவதை நான் பார்த்தேன். பெரியம்மாவுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. ஒவ்வொருவரும் கன்னத்தில் கை வைக்கப் போகிறார்கள்.

"சம்பந்தி! கொஞ்சம் நில்லுங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்து வந்து அக்காவுக்கு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு, சொல்ல மறந்தே போச்சு. பொண்ணுக்கு உச்சியில ஒரே ஒரு சொட்டு. முகத்துக்கு வைக்கிற எண்ணெய் எல்லாம் மாமியாருக்குத்தான். அப்பதான் மாமியாரோட சூடு தணியும், வர்ற பொண்ணு நிம்மதியா இருப்பா. வையுங்க, நல்லா வையுங்க."

பக்கத்தில் நின்ற மாமா, அத்தையின் கணவர், "அப்படி ஒரு வழக்கமா?" என்று வாயைத் திறந்தார். அத்தை ஒரு பார்வை பார்த்தார். வாய் தானாக மூடிக்கொண்டது. அடுத்த நிமிஷம் மண்டபத்தில் ஒரே சிரிப்பு. மாமியாருக்குச் சூடு தணிக்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? பெரியம்மா உற்சாகமாகிவிட்டார். அந்த இரண்டு கை எண்ணெயையும் அத்தையின் கன்னத்திலும் நெற்றியிலும் தேய்தேய் என்று தேய்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அக்காவின் உச்சியில் அருகம்புல்லால் ஒரு சொட்டு வைத்து, கையிலும் காலிலும் மஞ்சள் பூசி, பிறகு ஆசைதீர அத்தையிடம் போனார்கள். எண்ணெய் கழுத்து வழியே இறங்கி ரவிக்கையை நனைத்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வையுங்க, சூடு அவ்வளவு சீக்கிரம் எறங்காது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பும்போது நான் சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினேன். அத்தை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். முகம் எண்ணெயில் மின்னியது.

"வேணாம்மா. பொழுது சாயுற வரைக்கும் கழுவக் கூடாதுன்னு உங்க பெரியம்மா சொல்லியிருக்காங்க. அங்க நின்னு பாத்துக்கிட்டே இருக்காங்க பாரு."

"அத்தை, இந்த வழக்கம் காப்பார்ல எல்லா வீட்லயும் இருக்கா?"

"எங்க இருக்கு? இன்னிக்குத்தான் ஆரம்பிச்சுச்சு." பின்சீட்டில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். அவரிடம் தாழ்ந்த குரல் ஒன்று இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "எனக்கும் உங்க அக்கா தோலுதான். வயசுல என் மூஞ்சியில கை வைக்க இடம் இருக்காது. தேங்கா எண்ணெய விட்டப்புறம்தான் அடங்குச்சு. இப்பவும் பட்டா ஒரே வாரத்துல கெளம்பிடும்."

"தெரிஞ்சுமா போய் உக்காந்தீங்க?"

"எனக்குத்தான் ஏற்கனவே கல்யாணம் ஆயிடுச்சே லா," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். அக்காவிடம் மூச்சு விடக் கூடாது என்று ஜன்னல் வழியாக விரலைக் காட்டி மிரட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே மகனின் கல்யாணம். அவருடைய சொந்தம், சம்பந்தம், வேனில் ஏறி இறங்கி வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் கூடுகிற நாள். அந்த மாம்பழ நிறப் பட்டை ஆசை ஆசையாக எடுத்து வைத்திருந்தார். கேமரா எத்தனை முறை அவர் முகத்துக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரியும். பருவோடு நாலு பேர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பது எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நானாக இருந்தால் அக்காவுக்காக அழுதிருப்பேன், பெரியம்மாவிடம் சண்டைகூடப் போட்டிருப்பேன். என் முகத்தைக் கொண்டுபோய் நீட்டியிருப்பேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

தாலி கட்டி முடிந்ததும் அக்காவும் அத்தானும் அத்தையின் காலில் விழுந்து எழுந்தார்கள். நலங்குக்குப் பிறகு அன்றுதான் அக்கா அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிவப்பை வருஷக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்தவள் அவள்.

"ஆன்டி… உங்க முகம்…"

"இனிமே அத்தைன்னு கூப்பிடு," என்றார் அவர், மண்டபத்துக்கே கேட்கிற குரலில். அக்காவின் கண்மை கரைந்து, அலங்காரம் செய்த பெண் ஓடிவந்து திட்டினாள்.

போன மாதம் ரவாங்கில் பெரியம்மாவின் பேத்திக்கு நலங்கு. பெண்ணுக்குக் கண்ணாடி போன்ற தோல், ஒரு பிரச்சினையும் கிடையாது. ஆனாலும் பெரியம்மா மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நாற்காலி போடச் சொல்லி, "உக்காருங்க சம்பந்தி, எங்க குடும்பத்துல காலங்காலமா இருக்கிற வழக்கம்," என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். பெரியம்மாவுக்கு இப்போது கை நடுக்கம், எண்ணெய்ப் பொறுப்பை அக்காவிடம் விட்டிருந்தார். அந்த அம்மாவின் முகத்தில் வரிசையாக எண்ணெய் ஏறுவதைப் பார்த்த அத்தை பக்கத்தில் நின்ற அக்காவிடம், "பாவம், அவங்களுக்கு என்ன தோலோ," என்றார்.

"போன வாரமே போன் பண்ணிக் கேட்டுட்டேன், அத்தை. அவங்களுக்குச் சன்ஃபிளவர் ஒத்துக்குதாம். அதத்தான் ஊத்தி வச்சிருக்கேன்."

அத்தை அந்தக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"அட, எண்ணெய மாத்தியிருக்கலாமா?" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு. "அன்னிக்கு எனக்கு அது தோணவே இல்ல பாரு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அத்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.