வீடு தேடி வரும் வைத்தியம்

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் பத்மநாபனை எல்லோரும் டாக்டர் சாப் என்றே அழைத்தார்கள். பாலாநகரில் விமானக் கருவிகளுக்குத் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவருக்கு, அதன்பின் குறை சொல்ல மனைவி லலிதா மட்டுமே மிஞ்சினாள். அவளோ திருப்பிச் சொல்லத் தெரிந்தவள். நல்லவேளையாகக் காலனிக்கு மாடித்தோட்ட மோகம் பிடித்தது. செடிகள் திருப்பிச் சொல்வதில்லை.

செடி வைத்தியத்துக்குக் காசு வாங்கமாட்டார்; காபியை மறுக்கமாட்டார். செடிக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் 'வருமுன் காக்க' என்று போய் நிற்பார். சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, தக்காளி இலை ஒன்றை நறுக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பிறகு அடுத்த வீடு.

இந்த வருஷம் தேமல் நோய் காலனியையே பிடித்தது. வாட்ஸ்அப் குழுவில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப் படர்ந்த இலைகளின் படங்கள் குவிந்தன. நோய் பெருகப் பெருக டாக்டரின் புகழும் பெருகியது. தப்பியது பாமாவின் மாடி மட்டும்தான். தண்ணீர்த் தொட்டிச் சண்டைக்குப் பிறகு அவளோடு யாருக்கும் பேச்சில்லை. டாக்டரும் அங்கே போனதில்லை. அவள் தக்காளி மட்டும் குலை குலையாய்ப் பழுத்ததும் காலனிக்குக் காரணம் விளங்கிவிட்டது. "எல்லாம் அந்தம்மா கண்ணுதான்" என்று எழுதினான் மென்பொருள் பொறியாளன் தமிழ்ச்செல்வன். டாக்டர் அதற்குக் கட்டைவிரல் போட்டார்.

அன்று சாப்பிடும்போது லலிதா கேட்டாள்.

"ஏங்க, போன மாசம் யார் யார் வீட்டுக்குப் போனீங்க?"

"யூசுப் பாய், ஆக்னஸ் மேடம், நம்ம செல்வன்..."

"அப்ப செடியெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? நோய் போற வழியும் நீங்க போற வழியும் ஒண்ணாவே இருக்கே. அந்தக் கத்தரிக்கோலை என்னைக்காவது கழுவியிருக்கீங்களா?"

கையுறை இல்லாமல் கருவியைத் தொட்டவனுக்கெல்லாம் மெமோ கொடுத்தவர், ரசத்தை அப்படியே விட்டுக் கைகழுவப் போனார்.

இணையத்தில் தேடினார். நோய் பரவ, இலைச்சாறு ஒட்டிய கத்தரிக்கோலே போதுமாம். குழுவில் 'நான்தான்' என்று தட்டினார், அழித்தார். டாக்டர் பட்டம் போய்விட்டால் மறுபடி வெறும் பத்மநாபன். அதற்கும் மனசாட்சிக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தார்: பாமாவிடம் மட்டும் ஒப்புக்கொள்வது. அவளோடுதான் யாரும் பேசுவதில்லையே.

"ஹவ், டாக்டர் சாப்! இப்பத்தான் என் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றாள் பாமா. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் உருதுவில் ஊறிய தமிழ்.

"பாமாம்மா, உங்க கண்ணுல ஒரு தப்பும் இல்ல. நோயைப் பரப்பினது இந்தக் கத்தரிக்கோல்."

"கைக்கு சாப், ஏன் இப்படிக் கதை விடுறீங்க? கத்தரிக்கோல்ல எப்படி நோய் வரும்?"

சந்தேகம் கேட்டவரை விளக்கம் சொல்லாமல் விடுவது டாக்டருக்கு வழக்கமில்லை.

"இங்க பாருங்க. நோய் வந்த செடியில வெட்டினேனா? கழுவாம அப்படியே கொண்டுவந்து..." அவளுடைய செடிகளிலேயே செழித்ததன் இலையை நறுக்கினார். "இப்படித்தான்."

"நக்கோ சாப், வேணாம்!" என்று அவள் கத்தியபோது இலை அவர் கையில் இருந்தது.

இரண்டு வாரத்தில் பாமாவின் படமும் குழுவுக்கு வந்தது. 'டாக்டர் சாப் கத்தரிக்கோலால் வந்தது' என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தாள். காலனி அவளை அந்த நிமிஷமே மன்னித்தது. "பாவம், செடி போன துக்கத்துல பேசுறாங்க. டாக்டர் சாப், நீங்கதான் நேர்ல போய்ப் பார்க்கணும்" என்றான் செல்வன்.

டாக்டர் எழுந்து சட்டைப்பையைத் தடவினார். கத்தரிக்கோலைக் காணோம்.

"லலிதா!"

"சோப்புத் தண்ணியில ஊறுது," என்றது சமையலறை. "டாக்டர் லீவுன்னு போடுங்க."