விசிறி அக்காவின் காது

நாற்பத்திரண்டு பெரிய நோட்டு. விசிறி அக்கா ஒரு நர்ஸுக்குத் தர வேண்டியிருந்த கடன் அது. கைமாற்றாக வாங்கியதல்ல, தப்பான லேப்டாப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே தன் தலையில் தானே ஏற்றிக்கொண்டது. அந்தக் கடன் இருந்த ஏழு மாதமும் அவர் வேலையை ஒரு நாளும் நிறுத்தவில்லை. மேஜைமேல் தலையைச் சாய்த்து, முழு வேகத்தில் ஓடும் லேப்டாப்பின் பின்பக்கத்தில் காதை வைத்து, உள்ளே சுழலும் விசிறியின் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொள்வார். எதிரே நிற்பவர் ஏதாவது கேட்க வாயெடுத்தால் ஒரு விரல் எழும்பும். அந்த விரலுக்கு அடங்கி நின்றவர்களில் ஒரு வங்கி மேனேஜரும் உண்டு.

கம்ப்யூட்டர் கடைகள் அடைசலாக இருக்கும் கட்டடம். மூன்றாவது மாடியில் லிஃப்டை ஒட்டிய நடைபாதையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. பெயர்ப்பலகை கிடையாது. விளையாட்டுக்கென்று செய்த விலை உயர்ந்த லேப்டாப் வாங்க வருகிறவர்கள், கடைக்குள் நுழையும் முன் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வது அக்காவின் தொழில். அவர் எதையும் விற்பதில்லை. வாங்குகிறவரிடம் கூலி, கடைக்காரரிடம் ஒரு காசு கிடையாது. ஏன் என்று கேட்டால், “ரெண்டு பக்கமும் கை நீட்டினா அப்புறம் நான் யாருக்கு வேலை பாக்குறேன்?” என்பார்.

படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. பதினோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளுக்கு ஈயப்பற்று வைத்தவர். பட்டம் வாங்கின பிள்ளைகள் பெட்டிமேல் அச்சடித்திருப்பதைப் படிக்கிறார்கள். அக்கா பெட்டிக்குள் இருப்பதைப் படிக்கிறார். கை தேயத் தேய உழைத்து மேலே வந்தவர்களுக்கே வாய்க்கிற வித்தை இது. காலேஜில் இதற்குப் பாடம் கிடையாது, இருந்தாலும் வாத்தியார் கிடைக்க மாட்டார்.

அவருடைய ஆயுதங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு சமையலறைத் தராசு, சார்ஜரை நிறுத்துப் பார்க்க. “மெஷின் ரெண்டு கிலோன்னு எழுதுவான். கூடவே செங்கல் மாதிரி ஒரு கிலோ சார்ஜர் இருக்கிறத எழுத மாட்டான்.” ஒரு பழைய தலையணை, லேப்டாப்பை அதன்மேல் வைத்து அடியில் காற்றுப் போக வழி அடைபட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க. மற்றதெல்லாம் உள்ளங்கை. எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று படமாகவே காட்டும் வெப்பக் கேமரா ஒன்று வாங்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்கென்று தனியாகப் பணமும் சேர்த்துவந்தார்.

மின்னணுச் சமாச்சாரம் எதையும் அவர் வாடகை வீட்டுக் கணக்கில்தான் விளக்குவார். மெல்லிசான அலுமினிய உடம்புக்குள், விளையாட்டின் படத்தை ஓட்டுகிற பெரிய கிராபிக்ஸ் கார்டைத் திணித்திருந்தால், “ஒண்டுக் குடித்தனம். பாக்க அழகா இருக்கும், உள்ள மூச்சு முட்டும்.” தடித்த உடம்புக்குள் நடுத்தரக் கார்டு இருந்தால், “பெரிய வீட்டுல சின்னக் குடும்பம். சத்தமே வெளிய வராது.” ரேம் என்கிற நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்திருந்தால், “பின்னாடி ஒரு ரூம் கூட இழுத்துக் கட்ட முடியாது, பாத்துக்குங்க.” ஒரே பெயர் போட்ட கார்டு இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமாக ஓடுவது ஏன் என்று ஒரு எஞ்சினியரிங் மாணவன் கேட்டான். “பேரு ஒண்ணுதான் தம்பி. ஒரு வீட்டுல நூத்தி நாப்பது வாட் சாப்பாடு, இன்னொரு வீட்டுல எண்பது. நிறையத் தின்னா நிறைய வேலை செய்யும். சூடும் ஆகும். சூடானா ஃபேன் கத்தும். எது வேணும்னு நீதான் சொல்லணும்.” மாணவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனான்.

இப்பேர்ப்பட்டவர் சறுக்கிய இடம்தான் அந்த நர்ஸ்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிற பெண். தம்பி ஒருவன், கடல் கடந்து வேலைக்குப் போய்விட்டான். போனில் பேசினால் ‘சாப்டியா, தூங்கினியா’ என்று இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோகும் பேச்சு. இருவரும் சேர்ந்து ஒரு விண்கலம் ஓட்டும் விளையாட்டில் உட்கார்ந்தால், அவன் இஞ்சின், இவள் திசை என்று சண்டை போட்டுக்கொண்டே இரண்டு மணி நேரம் ஓடும். வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள், அதில் அந்த இரண்டு மணி நேரம். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மூன்று வருஷச் சேமிப்போடு அக்காவின் மேஜைக்கு வந்தாள்.

அக்கா ஒரு வாரம் அலசினார். கார்டு, கீபோர்டு, திறந்து மூடும் கீல், உள்ளே தூசி தட்ட வழி, எல்லாம் பார்த்து, இருப்பதிலேயே பலசாலியான தடித்த மெஷின் ஒன்றைக் கைகாட்டினார். காதை வைத்தும் கேட்டார். சத்தம் பரவாயில்லை என்று பட்டது. படாமல் என்ன செய்யும்? பக்கத்தில் லிஃப்ட் மோட்டார் உறுமுகிறது, முப்பது கடை இரைகிறது. அந்தச் சந்தைக்கடைக்கு நடுவே உட்கார்ந்து விசிறிச் சத்தத்தை எடை போட்டிருக்கிறார். உலகத்தில் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தவர், தன் தராசு எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, போனுக்கு ஒரு ஹெட்செட் விசாரிக்க வந்தாள் நர்ஸ். லேப்டாப் எப்படி ஓடுகிறது என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள். அக்கா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதும் விஷயம் வந்தது. அவள் இருப்பது விடுதி அறை, பத்துக்குப் பத்து, இரண்டு கட்டில். இன்னொரு கட்டிலில் இருப்பவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இவள் விடுமுறையில் விழித்திருக்கும்போது அவள் டியூட்டி முடித்துத் தூங்குவாள். விளையாட்டை ஆரம்பித்தால் விசிறி இரைச்சலில் அவள் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். சத்தத்தைக் குறைக்கிற பொத்தானை அழுத்தினால் படம் திக்கித் திணறும், அந்தப் பக்கம் தம்பி, “அக்கா, எங்க போய் முட்டுற?” என்று கத்துவான். மாடிப்படியில் போய் உட்கார்ந்தும் பார்த்தாளாம். அங்கே பிளக் கிடையாது. பேட்டரியில் ஓட்டினால் வேகம் பாதி, அதுவும் ஒரு மணி நேரம் தாங்காது. கடைசியில் வந்த விலைக்கு விற்றுவிட்டாள். நஷ்டம் நாற்பத்திரண்டு நோட்டு. தம்பியோடு பேச்சு மறுபடி இரண்டு நிமிஷமாகிவிட்டது.

அக்கா, “அந்த நஷ்டம் என்னோடது சிஸ்டர்” என்றார்.

“அட போங்கக்கா. மெஷினு நல்லாத்தான் இருந்துச்சு. என் ரூம்தான் சின்னது.”

“ரூமப் பத்தி நான்தான கேட்டிருக்கணும்.”

பணத்தைக் கொடுக்கப் போனால் அவள் வாங்கவில்லை. இரண்டாம் முறையும் வாங்கவில்லை. முதலில் சத்தமில்லாத மெஷின் ஒன்று காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பணத்தோடு மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் சேர்க்க ஆரம்பித்தாள். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. “ஊரே வாங்கின கடனுக்கு ஒளியுது. நீ வாங்காத கடனத் தூக்கிக்கிட்டு ஆளத் தேடுற” என்று கிண்டல் செய்தார். கூலி வாங்கிக்கொண்டுதானே வழி காட்டினேன், சும்மாவா காட்டினேன் என்று அக்கா திருப்பிக் கேட்டார். வெப்பக் கேமராவுக்கு வைத்திருந்த பணம் அன்றைக்கே நர்ஸுக்கென்று வேறு உறைக்குள் போனது.

அன்றிலிருந்து யார் வந்து உட்கார்ந்தாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, “பக்கத்துல யாரு தூங்குவாங்க?” புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் காது மடல் சிவந்துபோய், விலைப்பட்டியலால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஏழாவது மாதம் நர்ஸின் கையில் ஓரளவு தொகை சேர்ந்தது. அக்கா இரண்டு மெஷினில் வந்து நின்றார். ஒன்று அப்போதுதான் வந்திருந்த மெல்லிசான அழகி. அதன் திரையில் கறுப்பு கறுப்பாக இருந்தது, நட்சத்திரம் நட்சத்திரமாக இருந்தது. பெட்டியைத் திறந்ததும் நர்ஸ் அதைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே அவள் மனசு எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. மற்றது போன வருஷத்து மாடல், கறுப்பு பிளாஸ்டிக். அக்கா எதையும் மறைக்கவில்லை. “ஸ்க்ரீன் சுமார். கறுப்பு கொஞ்சம் சாம்பலடிக்கும். சார்ஜர் கனம். பாக்குறதுக்கு டிபன் பாக்ஸ் மாதிரிதான் இருக்கும். கார்டும் ஒரு படி கம்மி. ஆனா வீடு பெருசு.”

அழகியை விற்கும் ஷோரூமின் மேனேஜருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நடைபாதைக்கே வந்து, மேடம், இதைத் தள்ளிவிட்டால் இருபது நோட்டு தனியாக உங்களுக்கு என்று காதோரம் சொன்னார். கடனில் ஏறக்குறையப் பாதி. அக்கா தராசில் இருந்த சார்ஜரை எடுத்துக் கீழே வைத்தார். “அத விலையில கழிச்சு பில்லப் போடுங்க சார். அப்பவும் அது கத்தினா எடுக்க மாட்டேன்” என்றார். மேனேஜர் பில்லும் போடவில்லை, பிறகு அந்தப் பக்கம் வரவும் இல்லை. ஆனாலும் ஒரு நாள் சோதித்துப் பார்க்க மெஷினைக் கொடுத்தனுப்பினார். அக்காவின் வாய்ச்சொல்லுக்கு அந்தக் கட்டடத்தில் அவ்வளவு மதிப்பு.

இந்தத் தடவை சோதனை மேஜையில் நடக்கவில்லை. பகல் பதினோரு மணிக்கு, இரண்டு லேப்டாப்பையும் தோளில் மாட்டிக்கொண்டு, அக்கா விடுதி அறைக்கே போனார். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதல் நாளே அவளிடம் பேசி வைத்தாயிற்று. “எனக்கு ஒண்ணும் பாக்கத் தெரியாதுக்கா. எழுப்பினா திட்டுவேன், அவ்வளவுதான்” என்று சொல்லியிருந்தாள். அக்காவுக்கு வேண்டியதும் அதுதான். காதைவிட நம்பகமான கருவி கிடைத்துவிட்டது.

முதலில் அழகி. நர்ஸ் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு விண்கலத்தில் ஏறினாள். திரையைப் பார்த்து அவள் முகமே வெளிச்சமாகிவிட்டது. ஆறாவது நிமிஷம் சின்ன விசிறிகள் இரண்டும் கொசு மாதிரி கீச்சென்று எழும்பின. சத்தம் பெரிதில்லை, ஆனால் ஊசி மாதிரி குத்தியது. கட்டிலில் இருந்தவள் புரண்டாள். “எவடி அவ மிக்ஸி போடுறது?” என்று தூக்கத்திலேயே கேட்டுவிட்டுப் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள். நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷினை மூடினாள். மூடிய பிறகும் விரல் அந்த அலுமினிய மூடியைவிட்டு வர மனசில்லாமல் கிடந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை.

பிறகு டிபன் பாக்ஸ். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மெஷினைப் பார்க்காமல் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிறி ஓடிற்று, தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளங்கையைக் கீபோர்டின் ஓரத்தில் வைத்தார்: இளஞ்சூடு. நாற்பதாவது நிமிஷம் கட்டிலில் இருந்தவள் குறட்டை விட ஆரம்பித்தாள். குறட்டையில் விசிறி காணாமல் போயிற்று.

நர்ஸுக்கு அதெல்லாம் தெரியாது. கிசுகிசுத்த குரலில் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். நோயாளிகளுக்கு நடுவே வேலை செய்கிறவளுக்குக் கிசுகிசுப்பது சொல்லியா தர வேண்டும்? ஹெட்செட்டுக்கு வெளியே கசிந்த அவன் குரல் அக்காவுக்கும் கேட்டது. “இத்தன நாளா எங்கக்கா போயிருந்த? இஞ்சின நான் தனியாவே ஓட்டிக்கிட்டு இருந்தேன்.” நர்ஸ் இடதுகைப் பெருவிரலால் கண்ணோரத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு, விண்கலத்தைத் திருப்பினாள்.

விளையாட்டு முடிந்து அவள் ஹெட்செட்டைக் கழற்றியதும் அக்கா உறையை எடுத்தார். அவள் தலையை ஆட்டினாள். இந்த மெஷினின் விலையே குறைச்சல், என் பணமே போதும், வேண்டாங்கக்கா என்று சைகையில் பாதி, கிசுகிசுப்பில் பாதியாகச் சொல்லி, இரண்டு கையையும் மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சிஸ்டர், ஊசி போடப் போறப்ப ஆளுங்க கைய மடக்கிக்கிட்டா என்ன சொல்லுவீங்க?” அக்காவும் கிசுகிசுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. கட்டிலை ஒரு தரம் பார்த்து அடக்கிக்கொண்டாள். “கையை நீட்டுங்கன்னு சொல்லுவேன்.”

“நீட்டுங்க.”

மெல்ல விரல்கள் பிரிந்தன. அக்கா எச்சில் தொட்டு எண்ணவில்லை, நோட்டைச் சொடுக்கவில்லை. காகிதம் சரசரக்காமல் ஒவ்வொன்றாக உருவி, உதடு மட்டும் அசைய, தூங்குகிற குழந்தைமேல் துணி போர்த்துகிற மாதிரி அந்த உள்ளங்கையில் ஒன்றின்மேல் ஒன்றாக நாற்பத்திரண்டையும் வைத்தார்.