முறைத் தண்ணீருக்காக நடந்தேன்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பாலக்காடு ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில் எங்கள் தோட்டம். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. குரல் கம்மிக்கொண்டே போகிறதே என்று நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்ததில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருப்பது தெரிந்தது. வெடித்தால் பிழைக்க மாட்டேன் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து நாள் குறித்து, மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, வீங்கிய பாகத்தை எடுத்துவிட்டு, துணியால் நெய்த குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பினோம். அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். பாரம் தூக்கக் கூடாது. தினமும் நடக்க வேண்டும், நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்ட வேண்டும். படுத்தே கிடந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், குழாய் நன்றாக இருந்தும் உயிர் போய்விடும் என்று எச்சரித்தார். முதல் விஷயம் மட்டும்தான் என் காதில் ஏறியது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் ஊரே வந்து பார்க்கும். வராவிட்டால் அது பெரிய குறை. வந்தவர்களில் ஒருத்தர், நல்ல மனுஷர், அக்கறையாகத்தான் கேட்டார். "கட்டற வேட்டியே ஆறு மாசத்துல கிழிஞ்சு போகுதுங்க. உள்ளுக்குள்ள வெச்ச துணி எத்தன நாளைக்குங்க தாங்கும்?"

அவ்வளவுதான். அன்றைக்குக் கட்டிலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. இருமல் வந்தால் அடக்கினேன். புரண்டு படுக்கவும் பயம். கால் வீங்க ஆரம்பித்தது. "ஏனுங்க, வாசல் வரைக்குமாச்சும் வாங்க" என்று என் மனைவி கெஞ்சினாள், அழுதாள். எரிந்து விழுந்தேனே தவிர அசையவில்லை.

எங்கள் கிணறு பங்காளிக் கிணறு. எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் ஒரே மோட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. என் முறையன்று விடிந்ததும் வாய்க்காலில் மடையை மாற்றினால் தண்ணீர் என் தோட்டத்துக்குப் பாயும். ஆறு வருஷத்துக்கு முன்னால், என் முறையன்று பாதிநாள் கரண்ட் போய்விட்டது. போன பொழுதுக்கு ஈடாக மறுநாள் தண்ணீர் கேட்டேன். அவன் முடியாது என்றான். வார்த்தை தடித்தது. அதற்கப்புறம் பேச்சே கிடையாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமென்றால் என் மனைவியிடம் சொல்வான், அல்லது எனக்குக் கேட்கிற மாதிரி மாட்டிடம் சொல்வான்.

ஒருநாள் காலையில் வாசலில் அவன் குரல். "அண்ணி, இன்னைக்கு முறை உங்குளுது. மடை மாத்த உங்க ஊட்டுக்காரரு வாராரா, இல்லியா? வரலீன்னா தண்ணி என்ற தோட்டத்துக்குத்தான் போகும். ஆமா."

"அவரு எப்படிங்க வருவாரு? நானே வந்து மாத்தறேன்" என்றாள் இவள்.

"முறைக்காரரு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்தா போய்விட்டேன்? சுவரைப் பிடித்து எழுந்தேன். மாடு கட்டும் கட்டுத்தறை வரை போனதும் மூச்சு வாங்கியது. என் மனைவி ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கிணற்றடி போய்ச் சேர்ந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. தண்ணீரைத் திருடிவிட்டு ஐயா சொகுசாகப் படுக்கப் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது என்று பல்லைக் கடித்தபடி அதிலேயே உட்கார்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியால் ரெண்டு வெட்டு வெட்டி, மடையை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனான்.

அடுத்த முறையன்றும் அதே கதை. விடிந்து வெகுநேரமாகியும் தண்ணீர் அவன் பக்கமே ஓடும். நான் கிணற்றடியில் தலைகாட்டினால்தான் திருப்புவான். இவனை நம்பவே கூடாது என்று முறை இல்லாத நாளிலும் காவலுக்குப் போக ஆரம்பித்தேன். நாலு இடத்தில் உட்கார்ந்தவனுக்கு இரண்டு இடம் போதும் என்றானது. பிறகு முக்காலியே தேவைப்படவில்லை. திட்டிக்கொண்டே நடப்பேன். திட்டும்போது இருமல் வரும், சளியும் வெளியே வரும். வீக்கம் வடிந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவனுடைய அயோக்கியத்தனத்தை விலாவாரியாகச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து மெட்ராஸில் சோதித்த டாக்டர், "நல்லா நடந்திருக்கீங்க" என்று முதுகில் தட்டினார். திரும்பி வரும்போது, பொள்ளாச்சி பஸ்ஸில் என் மனைவியிடம், "அந்தத் திருட்டுப் பயல் பண்ணின ஒரே நல்ல காரியம் இதுதான்" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நாம ஆசுபத்திரியில இருந்தப்ப பருத்தி வாடாம நின்னுச்சே, யாரு தண்ணி கட்டுனதுன்னு நெனச்சீங்க? அவருதானுங்க. அவரு முறைத் தண்ணியும் நம்ம தோட்டத்துக்கே விட்டாரு. நீங்க எந்திரிக்க மாட்டேங்கறீங்கன்னு போயி அழுதேன். 'கெஞ்சுனா அவரு எந்திரிக்க மாட்டாருங்க, கோவம் வந்தா எந்திரிப்பாரு, நீங்க கம்முனு இருங்க'ன்னு சொன்னாரு. அந்தக் கட்டிலும் உங்களுக்குன்னு போட்டதுதான்."

பஸ்ஸில் அத்தனை பேர் இருந்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் அவன் முறை. கிணற்றடிக்குப் போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஆறு வருஷப் பேச்சை எந்த இடத்திலிருந்து தொடங்குவது? அவன்தான் நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு என்ற முறைங்ண்ணா" என்றான். "தெரியும். சும்மாத்தான் வந்தேன்" என்றேன். அவன் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

என் நெஞ்சைத் திறந்து பார்த்தவர்களுக்கு என் ரத்தக்குழாய்தான் தெரிந்தது. என்னை முழுசாகத் தெரிந்து வைத்திருந்தவன் ஒரே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான், அவன் முகத்தைப் பார்க்காமல் ஆறு வருஷத்தை வீணடித்தேனே என்பதுதான் இன்றும் எனக்கு ஆறாமல் இருக்கிறது.