பொன்னுரங்கத்தின் கைக்கடிகாரம்

ராயபுரம் பொன்னுரங்கம் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். இரும்புக் கயிற்றில் சிக்கி வலது கை விரல்கள் போயின, வேலையும் போனது. "வாட்ச்சாவது தப்பிச்சுதே" என்றானாம் மேஸ்திரி, பாவி.

அதன்பிறகு தினமும் காலையில் மனைவி கன்னியம்மாதான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாள். அவர் காதருகே வைத்துத்தான் திருக வேண்டும். இறுகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கத்துவார்: "போதும்டி! ஸ்பிரிங்கு அறுந்துடும். உனுக்கு இன்னா தெரியும்?" ஒருநாள்கூட அவளாக நிறுத்த விட்டதில்லை.

மார்ச்சளியில் அவர் செத்துப்போனார். அடக்கம் முடிந்த மறுநாள் காலை, வழக்கம்போல் கட்டிலருகே உட்கார்ந்து கடிகாரத்தைத் திருகினாள். திருகிக்கொண்டே இருந்தாள். உள்ளே டக்கென்று ஏதோ அறுந்தது.

காலிக் கட்டிலைப் பார்த்தாள். "அறுத்துட்டேன். இப்பவாச்சும் திட்டுய்யா."