வீட்டுக்காரர் இறங்காத மாடிப்படி

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் செய்கிற வேலை, நாற்காலியைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போடுவதுதான். மகள் சின்ன வயதிலிருந்தே அதைப் பார்த்து வந்தாள். ஆஸ்பத்திரியில் சித்தப்பாவைப் பார்க்கப் போன இடத்திலும், நலம் விசாரிப்பதற்கு முன்பே கட்டிலை ஆளோடு சேர்த்து இழுத்தார். நர்ஸ் திட்டினாள். "சுவரோட ஒட்டிப் படுத்தா நோயாளி மாதிரித் தெரியுதும்மா," என்றார் அவர், சமாதானமாக.

அவர் ஒளிப்பதிவாளர். பெரிய படங்களுக்கு அல்ல. தயாரிப்பாளரின் மச்சானே கதாநாயகனாக நடிக்கும் படங்களுக்கு. சுவரை ஒட்டி நிற்கிறவன் எவ்வளவு உசத்தியாக உடுத்தினாலும் ஏழையாகத்தான் தெரிவான். நாலடி முன்னால் தள்ளி, பின்னால் இருப்பதை மங்கலாக்கினால் பணக்காரனாகிவிடுவான் என்பது அவர் நம்பிக்கை. அதனால் தொழிலில் அவருக்கு நாலடி என்றே பேர். வீட்டிலும் அதே கதைதான். வாடகைக்கு இருந்த இரண்டு அறையில் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் நடுவே கூட்டம் போட்டு நின்றன. குடும்பம் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்தது.

ஒரு படத்தில் அரண்மனைக் காட்சி வந்தது. அரண்மனையை வாடகைக்குப் பிடிக்கத் தயாரிப்பாளருக்கு மனம் வரவில்லை. நாலடி தன் வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்றார். தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். சிமெண்டுத் தரை பளிங்காக மின்னியது. பீரோக் கண்ணாடியைத் திருப்பி வைத்தார், அறை இரண்டானது. ஜன்னலுக்கு வெளியே விளக்கை வைத்துவிட்டு, குக்கரில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிடச் சொன்னார் மனைவியிடம். ஆவியில் வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. லென்ஸுக்கு முன்னால் மகள் ஒரு கண்ணாடி டம்ளரைத் தூக்கிப் பிடித்தாள். படத்தில் அது மங்கலான சரவிளக்கு. மாடிப்படிதான் இல்லை. கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தைக் கழற்றிக் கைப்பிடி மாதிரி சாய்த்து நிறுத்தினார். கதாநாயகி அதன் பின்னால் நடந்தபடியே முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினாள். கேமராவில் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தது. ராணி இறங்கி வந்தாள்.

படத்தை வீட்டுக்காரரும் பார்த்தார். மறுநாள் காலையில் வாசலில் நின்றார்.

"நான் கட்டின வீடு இவ்வளவு பெரிசுன்னு எனக்கே தெரியாமப் போச்சே," என்றார்.

மாசக் கடைசிக்குள் காலி செய்துவிட வேண்டும், இனி அவரே இங்கே குடியிருக்கப் போகிறார். நாலடியின் மனைவி புலம்பினாள். வேறு வீடு கிடைக்காது. சினிமாக்காரன் என்றாலே எல்லோரும் கதவைச் சாத்திவிடுவார்கள். மகள் டேப்பை எடுத்து வந்து வீட்டுக்காரர் கண் முன்னாலேயே அறையை அளந்து காட்டினாள். அளந்தால் சின்னதாகத்தான் வரும் என்று சொல்லிவிட்டு, அவர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாடிப்படி எங்க தங்கச்சி?" என்று நாலடியின் மனைவியைக் கேட்டார்.

"அது கட்டில்ண்ணே. அதுலதான் படுக்குறோம்."

"படியில யாராச்சும் படுப்பாங்களா?"

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அந்த மகள். அறை அறைதான் என்று நிரூபிக்க அந்தப் பட்டம் உதவவில்லை. அப்பா செய்தது பொய்யா என்று யோசித்தாள். வீட்டில் இல்லாத எதையும் அவர் படத்தில் காட்டவில்லையே. அப்படியானால் ஏமாந்தது யார்? அவளுக்குப் பிடிபடவில்லை.

நாலடி மறுபடியும் தண்ணீரைக் கொட்டினார், குக்கரை ஏற்றச் சொன்னார், கேமராவை நிறுத்தி வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து அறையைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"புரிஞ்சுதா அண்ணே?"

"புரிஞ்சுது. வீடு இதுக்குள்ள இருக்கு."

காலி செய்யச் சொன்னதை அவர் கைவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த மாடிப்படியில் அவர் ஒருமுறை இறங்கி வருவதைப் படமெடுத்துத் தர வேண்டும். நாலடி சரி என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த வாரமே வீட்டுக்காரர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். முழங்கால் சரியாக மடங்கவில்லை. இரண்டாம் படியிலேயே சிக்கிக்கொண்டவரை எல்லோருமாகத் தூக்கி நிமிர்த்தினார்கள். மடக்காமலே இறங்கத் தரையில் குழி வெட்டலாம் என்று நாலடி யோசனை சொன்னார். அரண்மனைத் தரையைத் தோண்டுவதா என்று வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். முழங்கால் சரியாகட்டும் என்று காத்திருந்தார்கள். தைலம், கட்டு, வெந்நீர் ஒத்தடம் என்று வருடங்கள் ஓடின. தலைமாடு கூடத்திலேயே சாய்ந்து நின்றது. தலைமாடில்லாத கட்டிலில் நாலடியின் மனைவி தூங்கினாள்.

அப்புறம் நாலடியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "டாக்டர் வர்றதுக்குள்ள கட்டிலைக் கொஞ்சம் இழுத்துடு," என்றார். அவள் இழுத்தாள். அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

காரியமெல்லாம் முடிந்தபின் வீட்டுக்காரர் அதே கோட்டோடு வந்தார். துக்கம் விசாரித்தார். கொஞ்ச நேரம் தலைமாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழங்கா இப்ப மடங்குதும்மா," என்றார் தணிந்த குரலில்.

அவள் தண்ணீரைக் கொட்டினாள். அம்மா குக்கரை ஏற்றினாள். அவர் கைப்பிடியைத் தொட்டபடி, மடங்கி மடங்கி, நிதானமாக இறங்கினார். அவள் போனில் எடுத்துப் பார்த்தாள். ஈரத் தரையில், ஒரு கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், ஒரு கிழவர் உட்கார்ந்துகொண்டிருந்தார். அவள் போனை அவருக்குக் காட்டவில்லை.

"வெளிச்சம் பத்தல மாமா. இன்னொரு நாள் எடுக்கலாம்," என்றாள் அவள்.